பச்சை விளக்கு வேண்டாம்: ஒரு மாணவர் ஹேக்கத்தானின் 36 மணி நேரம்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு விஷவாயு எச்சரிக்கை தரும் கருவி. இதுதான் அந்த அணி எடுத்துக்கொண்ட வேலை. ஆறு மாணவர்கள், 36 மணி நேரம், பட்டறையில் இரண்டு மேசை, ஒரு சாலிடரிங் அயர்ன். கொடுத்த நேரத்துக்குள் ஒரு சிக்கலுக்குத் தீர்வு செய்துகாட்டும் ஹேக்கத்தான் போட்டி அது, கொங்குப் பகுதியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. நான் அங்கே மின்னணுவியல் துறையில் பாடம் நடத்துகிறேன். அந்த அணிக்கு என்னை வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள்.

அணிக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்றரை நாளை முழுதாக எழுதிவைக்க நினைக்கிறேன். எழுதிக் கொடுத்த சிக்கல் ஒன்றாகவும், உண்மையில் இருக்கிற சிக்கல் வேறாகவும் இருந்ததை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த விதம் மற்ற கல்லூரிகளுக்கும் பயன்படும்.

பின்னணி

மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் தேசியப் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017-இல் தொடங்கியது. முதல் இறுதிச் சுற்று அந்த ஆண்டு ஏப்ரல் 1, 2 தேதிகளில் நடந்தது. 29 மத்திய அரசுத் துறைகள் 598 சிக்கல்களைக் கொடுக்க, மாணவர்கள் 36 மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்து தீர்வு தேடினார்கள். அடுத்த ஆண்டு வன்பொருளுக்குத் தனிப் பிரிவு வந்தது. கருவி செய்ய நேரம் பிடிக்கும் என்பதால் அதற்கு ஐந்து நாள். அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. 2020-இல் கொரோனாவால் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று முழுக்க இணையவழியில் நடந்தது.

2024 கணக்கைப் பாருங்கள். கல்லூரி அளவில் 86,000-க்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்டன. தேசிய அளவுக்குக் கல்லூரிகள் பரிந்துரைத்தவை ஏறக்குறைய 49,000. இறுதிச் சுற்றில் 51 மையங்களில் உட்கார்ந்தவை சுமார் 1,300. படமும் செய்தியும் வருவது அந்த 1,300 அணிகளைப் பற்றித்தான். மற்ற எல்லா வேலையும் கல்லூரிகளுக்குள்ளேயே நடந்து அங்கேயே நின்றுவிடுகிறது. நான் சொல்லப்போவது அப்படி உள்ளேயே நின்றுபோன ஒன்றைப் பற்றி. தேசியப் போட்டியின் விதிகளை ஒட்டிக் கல்லூரி நடத்திய போட்டி அது. கருவி செய்யும் அணிகளுக்கும் 36 மணி நேரம்தான் கொடுத்தார்கள். அது போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடுத்துக்கொண்ட சிக்கல்

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை அது குற்றமாக்கியது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் அரசுக் கணக்கில் ஏறியிருக்கின்றன. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாடுதான் முதலிடம். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. வடக்கே எங்கோ நடப்பது என்று நினைத்திருந்தார்கள்.

கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அந்த நாற்றமே எச்சரிக்கை என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவைத் தொட்டதும் அது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். அப்புறம் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து ஆள் இறங்குவார். ஆயிரம் பங்கு இருந்தால் ஓரிரு மூச்சிலேயே சரிந்துவிடுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தேங்கி நிற்கும். முதலில் விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவதும், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதும் இதனால்தான்.

போட்டிக்குழு கொடுத்த பட்டியலில் இது ஒற்றை வரி: "கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் தொழிலாளிக்கான, உடலில் அணியும் வாயு எச்சரிக்கைக் கருவி." அந்த வரியை எழுதியவர்களில் தொட்டி வேலை செய்பவர் யாரும் இல்லை. அதை அப்போது நானும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை

அணி தெளிவான திட்டத்தோடு வந்தது. தலைக்கவசத்தில் இரண்டு சென்சார், ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு, மற்றது மீத்தேனுக்கு. சென்சாரை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, வைஃபை, கைப்பேசிச் செயலி. செயலியில் ஊர் வரைபடம், அதில் ஒவ்வொரு தொட்டியும் ஒரு புள்ளி. ஆபத்து வந்தால் புள்ளி சிவப்பாகும். ஆறு பேரில் நான்கு பேர் செயலியில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேர் சென்சாரை எடுத்துக்கொண்டார்கள்.

எட்டு மணிக்குப் பெட்டியைப் பிரித்துச் சென்சாரை இணைத்தார்கள். சும்மா மேசைமேல் இருக்கும்போதே அளவு இறங்கிக்கொண்டே போனது. நிரலில் பிழை என்று நினைத்துத் தேடினார்கள். கம்பியை மாற்றினார்கள். பலகையை மாற்றினார்கள். நான்கு மணி நேரம் அதிலேயே போனது. விஷயம் எளியது: இந்த மலிவு விலைச் சென்சாருக்குள் சூடேற்றும் கம்பி ஒன்று உண்டு. புதிதாக வாங்கியதை ஒரு நாளாவது மின்சாரத்தில் வைத்திருந்தால்தான் அளவு நிலைக்கும். தயாரிப்பாளர் தரும் தகவல் தாளிலேயே இருக்கிறது. போட்டிக்கு இரண்டு நாள் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். போட்டி நேரத்துக்கு முன் பாகங்களைத் தொடக்கூடாது என்ற விதியை மனதில் வைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். 36 மணி நேரப் போட்டியில் 24 மணி நேரம் சூடாக வேண்டிய பாகம். அந்த விதி மென்பொருளை நினைத்து எழுதியது.

லாரி வந்தது

மதியம் ஒரு மணிக்கு விடுதித் தொட்டியை எடுக்க லாரி வந்தது. எங்கள் ஏற்பாடு எதுவும் இல்லை, அது வழக்கமாக வருகிற நாள். சென்சார் பார்த்துக்கொண்டிருந்த மாணவிகளில் ஒருத்தி சாப்பாட்டுத் தட்டோடு அதைப் பார்த்துவிட்டு, கை கழுவி நேராக அங்கே போனாள். என்னையும் கூப்பிட்டாள்.

ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். உதவிக்கு ஓர் இளைஞர். குழாயைத் தொட்டிக்குள் விட்டு மோட்டாரை ஓடவிட்டிருந்தார்கள். மாணவி தன் கருவியைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "தலைல மாட்டிக்கிட்டு எறங்கோணுமா கண்ணு?" என்றார். ஆமாம் என்றாள். "அது கத்துனா?" "வெளியே வந்துடணும் அண்ணா." அவர் சிரிக்கவில்லை. "கத்தறப்ப ஆளுக்கு நெனப்பு இருக்காதே கண்ணு. ஏணி ஏற எங்க நேரம்?"

அப்புறம் இறங்குவதற்கு முன்பே மேலிருந்து அளந்து பார்த்தால் என்ன என்று கேட்டாள். அவர் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. "மேல ஒண்ணும் இருக்காதுங்க. அடி மண்டியக் கெளறுனாத்தான் வரும்."

வேதியியல் படித்தவர்களுக்கு இது புரியும். வாயு சகதிக்குள் அடைந்து கிடக்கிறது. கால் வைத்துக் கலக்கினால் ஒரே மூச்சில் வெளியே வரும். தொட்டி அமைதியாக இருக்கும்போது எடுத்த அளவு, கலக்கிய அடுத்த நிமிடத்தில் பொய்யாகிவிடும். இருபது ஆண்டு அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை எங்கள் சிக்கல் வரி விட்டுவிட்டது.

மாணவி இன்னொன்றும் கேட்டாள்: "லாரி இருக்கும்போது ஆள் ஏன் அண்ணா இறங்கணும்?" தண்ணீரைக் குழாய் உறிஞ்சிவிடும். ஆனால் பல ஆண்டு எடுக்காத தொட்டியின் அடியில் சகதி களிமண் மாதிரி இறுகிவிடும், குழாய் அதை எடுக்காது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கீழ அப்படியே இருக்குதே, காசு மட்டும் முழுசா வாங்கறீங்க" என்பார். அப்போதுதான் யாராவது ஒருவர் மண்வெட்டியோடு இறங்குவார். தன் லாரியில் இப்போது யாரையும் இறக்குவதில்லை என்று சொன்னார். முன்பு இறக்கியதுண்டா என்று நாங்கள் கேட்கவில்லை.

இரவு

மாலை ஆறு மணிக்கு அணிக்குள் சண்டை. செயலி பாதிக்கு மேல் முடிந்திருந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. சென்சார் பார்த்த இருவரும் தலைக்கவசத்தைத் தூக்கிப்போட வேண்டும் என்றார்கள். "ஆள் இறங்கின பிறகு வேலை செய்யற எதையும் நாம செய்யக்கூடாது" என்று ஒருத்தி சொன்னாள். செயலி எழுதியவர்களில் ஒருவன் கோபத்தில் கண் கலங்கிவிட்டான். காலையிலிருந்து அதற்காகவே உழைத்தவன். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வைஃபை தொட்டிக்குள் எடுக்கிறதா என்று மட்டும் சோதிக்கச் சொன்னேன். கான்கிரீட் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டதும் இணைப்பு விட்டு விட்டு வந்தது. அதன் பிறகு எட்டரை மணிக்கு எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

புதிய வடிவம் மிக எளியது. நீளமான கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு. கயிற்றின் நுனியில் சென்சார், கூடவே கம்பி மேலே வருகிறது. மேலே ஒரு பெட்டி, அதில் விளக்கும் ஒலிப்பானும். கழி ஒன்றால் சகதியைக் கலக்கிவிட்டு, கலக்கிய பிறகே அளக்க வேண்டும். வைஃபை இல்லை, வரைபடம் இல்லை.

அப்புறம் விளக்கின் நிறம். சிவப்பு, பச்சை இரண்டும் வைப்பதாகத்தான் இருந்தது. இரவு பதினோரு மணிக்கு டீ குடிக்கும்போது அந்த மாணவி கேட்டாள்: "மேடம், பச்சை எரிஞ்சா வீட்டுக்காரர் என்ன சொல்வார்?" யாரும் பதில் சொல்லவில்லை. இறங்கலாம் என்றுதான் சொல்வார். பச்சை விளக்கு இருக்கிற கருவி இறங்குவதற்கு அனுமதிச் சீட்டாகிவிடும். சட்டம் தடுப்பதைக் கருவி அனுமதிக்கும். அதோடு பிராணவாயு குறைந்தாலும் ஆள் விழுவார். சாதாரணக் காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. அதை அளக்கும் சென்சார் சில ஆயிரம் ரூபாய், அணியிடம் அது இல்லை. அளக்காத ஒன்றுக்கு எப்படிப் பச்சை காட்டுவது? பச்சை விளக்கைக் கழற்றினார்கள். கருவிக்கு இரண்டு நிலை மட்டும்: சிவப்பு, அல்லது எதுவும் எரியாமல் இருப்பது. பெட்டியின் மேல் "இது இறங்குவதற்கான அனுமதி அல்ல" என்று மார்க்கரால் எழுதி ஒட்டினார்கள்.

நான் பார்த்த பல போட்டிகளில் ஓர் அணி ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஜெயிக்கப் பார்க்கும். இருந்ததை யோசித்து எடுத்துவிட்ட அணியை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை

காலையில் வேதியியல் ஆய்வகத்தைத் திறக்கச் சொன்னோம். ஆய்வக உதவியாளர் விடுமுறை நாளிலும் வந்தார். இரும்பு சல்ஃபைடில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், பள்ளியிலேயே படித்திருப்போம். புகை உறிஞ்சும் அறைக்குள் வைத்து மிகக் குறைந்த அளவில் உண்டாக்கினார். சென்சார் உடனே எகிறியது. கைதட்டினார்கள்.

சோதனை அதோடு முடியவில்லை. வாளியில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, ஆவிக்குள் சென்சாரை இறக்கச் சொன்னேன். சுத்தமான தண்ணீருக்கும் கத்தியது. இந்த வகைச் சென்சார் ஈரப்பதத்துக்கும் அசைந்துகொடுக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஈரம் இல்லாமல் இருக்காது. திரையில் காட்டிக்கொண்டிருந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று புரிந்தது. அந்த எண்ணையும் எடுத்துவிட்டார்கள். இதைச் செய்ய மனத்துணிவு வேண்டும். நடுவர்களுக்குக் காட்ட எண் இருப்பது எவ்வளவு வசதி என்று அவர்களுக்குத் தெரியும்.

நடுவர்கள் மாலை ஐந்து மணிக்கு வந்தார்கள், மூன்று பேர். ஒருவர் கேட்ட முதல் கேள்வி, இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே என்பது. இல்லை என்றார்கள். செயலி எங்கே? எடுத்துவிட்டோம். இன்னொருவர் தொழிற்சாலைப் பாதுகாப்பில் வேலை பார்த்தவர். அவர் கேட்டது சரியான கேள்வி: மீத்தேன் இருக்கிற இடத்தில் சூடான கம்பி உள்ள சென்சாரை இறக்குகிறீர்களே, தீப்பிடிக்காது என்று யார் சான்று கொடுத்தார்கள்? காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். அணியிடம் பதில் இல்லை. சென்சாரைச் சுற்றி இரும்பு வலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். அது போதாது என்றார் அவர், உண்மைதான். எனக்கும் அது தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வி அணிக்குப் பரிசைவிடப் பெரிதாகப் பயன்பட்டது.

முதல் பரிசு வருகைப்பதிவுச் செயலி ஒன்றுக்குப் போனது.

பிறகு

இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இரண்டு முன்மாதிரிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்கள். அதன் பிறகு, கேரளத்தின் குட்டிப்புரத்தில் பொறியியல் படித்த நண்பர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், ஆள் இறங்காமல் குழியைச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' இயந்திரத்தை 2018-இல் திருவனந்தபுரத்தில் இறக்கியது. கும்பகோணத்துக்கும் அது வந்தது. இரண்டாவது நம் சென்னையிலேயே, ஐஐடியில் ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கிய 'ஹோமோசெப்'. தலைகீழாக விரியும் குடை போன்ற கத்திகளைத் தொட்டிக்குள் விட்டு, இறுகிய சகதியைக் கலக்கி, அதன்பின் உறிஞ்சி எடுக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் அமைப்போடு சேர்ந்து பல ஆண்டு வேலை செய்துதான் அது களத்துக்கு வந்தது. முதல் இயந்திரங்களைப் பெற்றவை இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்கள்.

ஹோமோசெப் படத்தைப் பார்த்ததும் அந்த மாணவி சொன்னாள்: "லாரி அண்ணன் சொன்னதைத்தான் மேடம் இவங்க செஞ்சிருக்காங்க." ஆள் இறங்குவதற்குக் காரணம் இறுகிய சகதி. காரணத்தைத் தொட்டால் எச்சரிக்கைக்கே வேலை இல்லை.

ஆறு பேரில் மூன்று பேர் இதையே இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டார்கள், செயலி எழுதிக் கண் கலங்கியவனும் அதில் ஒருவன். பெரிய இயந்திரம் அவர்கள் கையில் முடியாது. லாரிக் குழாயின் நுனியில் மாட்டக்கூடிய, தண்ணீரைப் பீய்ச்சிச் சகதியைக் கரைக்கும் ஒரு முனையைச் செய்துபார்க்கிறார்கள். முதல் முயற்சியில் சுழலும் கத்தி வைத்தார்கள். தொட்டிக்குள் கிடந்த துணியும் நாப்கினும் பத்து நிமிடத்தில் அதைச் சுற்றிக்கொண்டன. அதனால் கத்தி போய்த் தண்ணீர் வந்தது. சென்சார் கயிறு இப்போது குழாயோடு சேர்ந்து இறங்குகிறது. அடுத்த சென்சார், வெடிப்பு ஆபத்துள்ள இடங்களுக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும் என்று விலை விசாரித்து வைத்திருக்கிறார்கள். கல்லூரியிடம் பணம் கேட்டிருக்கிறோம்.

போட்டிக்குழுவிடம் நான் மூன்று விஷயங்கள் கேட்டேன். சிக்கல்களை இரண்டு வாரம் முன்பே கொடுங்கள், அந்த இரண்டு வாரத்தில் அந்த வேலையில் இருக்கும் ஒருவரையாவது அணி பார்த்துப் பேசியிருக்க வேண்டும். பாகங்களை முன்பே சூடேற்ற விடுங்கள். நடுவர் வரிசையில் அந்தத் தொழில் செய்கிறவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள். முதல் இரண்டும் உடனே ஏற்கப்பட்டன. மூன்றாவதில் நாற்காலிக்குச் சரி என்றார்கள். கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

ஒலிப்பானின் திசையையும் மாற்றினார்கள். அது முன்பு தொட்டியைப் பார்த்திருந்தது. லாரி அண்ணன்தான் அதைத் திருப்பச் சொன்னார். "வீட்டுக்காரங்க காதுல விழற மாதிரி வையுங்க கண்ணு. நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க, அது கத்துனாக் கேப்பாங்க." இப்போது அது வீட்டு வாசலைப் பார்த்துக் கத்துகிறது. பல ஆண்டு திறக்காத தொட்டி எங்காவது இருந்தால் முதல் நாள் இரவே அவர் போன் செய்துவிடுகிறார். காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் கயிற்றோடு அங்கே நிற்கிறார்கள்.